ப்ரெவெலி: 45 யூரோ டாக்சியும் ஒரு தட்டு கீரையும்

முதலில் அந்த டாக்சியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது. கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், ப்ரெவெலி என்ற கிறிஸ்தவ மடத்திலிருந்து நாங்கள் தங்கியிருந்த பிளாக்கியாஸ் ஊர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். மாலை பஸ் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு ஒரு டாக்சி வந்தது. 45 யூரோ கேட்டார். நம் காசில் 4,500 ரூபாய்! அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 90 யூரோ என்று ஊரிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். எவ்வளவோ பேசிப் பார்த்தேன், ஒரு யூரோகூடக் குறைக்கவில்லை. "அண்ணா, இருட்டப் போகுது, கொடுத்துடு" என்றாள் தங்கை. கொடுத்தேன். மூன்று நாளாகியும் எரிச்சல் அடங்கவில்லை.

எரிச்சலுக்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. அன்றைக்குக் காலையிலிருந்து நாங்கள் பார்த்தது, கேட்டது எல்லாம், அதே மலையில் முன்பின் தெரியாதவர்களுக்குத் தங்கள் வாய்க்குப் போக வேண்டியதை எடுத்துக் கொடுத்தவர்களைப் பற்றித்தான்.

இரண்டாம் உலகப் போரில், கிரீட் தீவில் ஜெர்மன் பாராசூட் படை 1941 மே 20 அன்று இறங்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் தீவு அவர்கள் கைக்குப் போய்விட்டது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்களில் பல ஆயிரம் பேர் தெற்குக் கரை வழியாகக் கப்பலேறித் தப்பினார்கள். இடம் கிடைக்காமல் விடப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். பிடிபடாத நூற்றுக்கணக்கானவர்கள் மலைக்குள் போனார்கள். கிழிந்த சீருடை, வெறும் வயிறு, ஊர் பாஷையில் ஒரு சொல் தெரியாது. அவர்களுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஜெர்மானியர்கள் அறிவித்தார்கள். அது வெறும் மிரட்டல் இல்லை. ஜூன் 3 அன்று மேற்கே கண்டானோஸ் என்ற ஊரை முழுக்கக் கொளுத்தி, சுமார் 180 பேரைக் கொன்று, இங்கே இனி ஊர் எழும்பாது என்று பலகையும் நட்டிருந்தார்கள். இதெல்லாம் தெரிந்தும்தான் ஊர்க்காரர்கள் அந்தச் சிப்பாய்களுக்குச் சோறு போட்டார்கள்.

ப்ரெவெலி அந்த வேலையின் மையம். மடத்தலைவர் அகாதாங்கெலோஸ் லாகுவார்தோஸும் துறவிகளும் தேடி வந்த சிப்பாய்களைச் சுற்றுக் கிராமங்களில் பிரித்து வைத்துக் காப்பாற்றினார்கள். மடத்துக்குக் கீழே லிம்னி என்ற கடற்கரை. ஆறு கடலில் சேரும் இடம், இரு பக்கமும் பேரீச்சை மரக்காடு. 1941 ஜூலை கடைசியில் ஓர் இரவு பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் திராஷர் அங்கே வந்து 78 பேரை ஏற்றிக்கொண்டு எகிப்துக்குப் போனது. ஆகஸ்டில் டோர்பே என்ற இன்னொரு நீர்மூழ்கி வந்து நூறு பேருக்கு மேல் ஏற்றியது. ஏறத்தாழ 200 பேர். அத்தனை பேரையும் இருட்டில், சத்தமில்லாமல், ஜெர்மன் காவல் இருந்த கரைக்கு நடத்திக் கூட்டிவர எத்தனை ஊர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்! பிறகு விஷயம் தெரிந்து ஜெர்மானியர்கள் மடத்தைக் கொள்ளையடித்தார்கள். கீழ் மடத்தை இடித்தார்கள், அது இன்னும் இடிந்தபடியே கிடக்கிறது. மடத்தலைவரும் எகிப்துக்குத் தப்ப வேண்டியதாயிற்று.

நாங்கள் அந்தக் கடற்கரைக்கு இறங்கினோம். நானூறு படிக்கு மேல் இருக்கும், கல் படிகள், ஓரத்தில் பிடிமானம் ஒன்றும் கிடையாது. பகலில், நல்ல ஷூ போட்டுக்கொண்டே எனக்கு முட்டி நடுங்கியது. தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.

மடத்துக்குப் போகும் வழியில் மலைமேல் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒரு பக்கம் சிப்பாய், இன்னொரு பக்கம் துப்பாக்கி பிடித்த மடத்தலைவர், வெண்கலத்தில். எல்லாரும் அங்கேதான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதை என்றுதான் பட்டது. கிரீட் என்றாலே 1944 ஏப்ரலில் ஜெர்மன் ஜெனரல் கிரைப்பேயைக் காரோடு கடத்திய சாகசத்தைத்தான் சொல்வார்கள். அதுவும் நடந்ததுதான். ஆனால் நான்கு வருஷம் இந்த ஊர்களைத் தாங்கியது துப்பாக்கி இல்லை, அடுப்பு. அதற்கும் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

அடுப்பைப் பற்றி எனக்குத் தெரியவந்தது மத்தியானச் சாப்பாட்டில். வழியில் ஒரு கிராமத்தில் நாலே மேசை போட்ட சின்னக் கடை. நடத்துகிற அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கை ஜாடை. காட்டுக்கீரையை வெறுமனே வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை. அப்படி ஒரு கசப்பும் ருசியும் நான் எந்தக் கீரையிலும் சாப்பிட்டதில்லை. அப்புறம் நத்தை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் வயல் நத்தை சாப்பிடுவார்களே, அதைவிடச் சின்னது. சூடான சட்டியில் உப்பைப் பரப்பி, நத்தைகளைக் குப்புறப் போடுகிறார்கள். படபடவென்று பொரிகிற சத்தம். பிறகு எண்ணெய், வினிகர், ஒரு கொத்து ரோஸ்மேரி. தங்கை முதலில் முகம் சுளித்தாள், பிறகு ஓட்டை உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள். கூடவே பாக்ஸிமாதி, இரண்டு முறை சுட்ட வாற்கோதுமை ரொட்டி. கல் மாதிரி இருக்கும். தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, எண்ணெய் விட்டால் மெத்தென்று ஆகிவிடும்.

"போரில் இதுதான் சாப்பாடு" என்றார் அந்த அம்மா. கீரை, நத்தை, ரொட்டி, ஒன்றும் இல்லாத நாளில் கரோப் என்ற மரத்தின் இனிப்புக் காய். விளைச்சலையும் ஆட்டையும் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்டது. மலையில் தானாக முளைப்பதையும் ஊர்வதையும் யாரும் கணக்கெடுக்க முடியாது அல்லவா? பாக்ஸிமாதி மாதக்கணக்கில் கெடாது. இடையன் பையில் அது இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆட்டுப்பட்டியில் ஒளிந்திருந்தவர்களுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அவருடைய பாட்டி இரண்டு நியூசிலாந்துக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சோறு போட்டாராம். தாத்தாவின் துணியை உடுத்தி, தலையில் கறுப்புத் துணி கட்டிவிட்டாயிற்று. ஒருவனுக்குக் கால் மட்டும் பெரிசு, ஊரில் எந்தச் செருப்பும் சேரவில்லை. ராணுவ பூட்ஸோடு நடந்தால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டி பூட்ஸின் மேல் ஆட்டுத்தோலைச் சுற்றித் தைத்துவிட்டாராம். அந்த அம்மா தன் காலையே தூக்கி, எப்படிச் சுற்றுவது என்று கையால் காட்டினார்.

ரோந்து வந்தால் மலைக்கு மலை கூவிச் சொல்வார்கள். "கறுப்பு மாடு கோதுமையில் இறங்கிவிட்டது" என்பது ஒரு குறிப்பு. "சம்பந்தி வந்துவிட்டார்" என்பது இன்னொன்று.

சாப்பாடு 19 யூரோ. ஒரு தட்டு திராட்சையும் ராக்கி என்ற உள்ளூர்ச் சாராயமும் தானாக வந்தன, அதற்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

தீவின் வடமேற்கில் உள்ள ஹானியா நகரத்திலிருந்து ஒரு நாள் மாலேமே என்ற ஊருக்குப் போனோம். பஸ்ஸுக்குச் சில யூரோக்கள்தான். இறங்கி மேட்டில் நடக்க வேண்டும். ஆலிவ் தோப்புக்கு மேலே ஜெர்மன் போர்க் கல்லறை, 4,465 பேர். தரையோடு படுத்த கற்கள். போகலாமா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தயக்கம். போனதற்குக் காரணம் யோர்கோஸ் ப்சிஹுந்தாகிஸ் என்ற ஒருவர். அசி கோனியா கிராமத்து ஆடு மேய்க்கும் பையன், போர் வந்தபோது வயது இருபது. ஒளிந்திருந்த பிரிட்டிஷ் ஆட்களுக்கும் கிராமங்களுக்கும் நடுவே, பிய்ந்த பூட்ஸோடு, மலை மலையாக ஓடிச் செய்தி சேர்த்தவர். போர் முடிந்ததும் சொந்த நாடே அவரை ராணுவத்திலிருந்து ஓடிப்போனவர் என்று சொல்லிச் சிறையில் போட்டது. எனக்கு இதை ஜீரணிக்க முடியவில்லை. பல வருஷம் கூலி வேலை. பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, இந்த ஜெர்மன் கல்லறையைப் பராமரிப்பது. அதைச் செய்தார்.

நாங்கள் போனபோது ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கற்களுக்கு இடையில் இருந்த செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்தது வரும்வரை அங்கேயே நிழலில் உட்கார்ந்திருந்தோம்.