விரல் ரேகைக்குக் கட்டிய நாலாயிரம்

தங்கச்சி பத்தாவது முடித்ததும், விரல் ரேகையில் குணத்தைப் பார்த்து எந்த வேலைக்குப் படிக்கலாம் என்று சொல்கிறார்களாம் என யாரோ அம்மாவிடம் ஓதிவிட்டார்கள். பெரம்பூரில் ஒரு மாடி அலுவலகம். பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்வார்களாம். நாலாயிரம் ரூபாய் கட்டினோம்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால், முதல் நாள் மெஷின் ரிப்பேர். ஒரு போன் பண்ணியிருக்கலாம். இரண்டாம் முறை, கட்டை விரல் பதியவே இல்லை. அம்மாவோடு உட்கார்ந்து இறால் உரித்துத் தேய்ந்த விரல் அது. ரேஷன் கடையிலும் இதே பாடுதான். "க்ரீம் தடவிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார்கள். மூன்றாம் முறை பதிந்தது. நாற்பது பக்க ரிப்போர்ட், பாதிக்கு மேல் மூளைப் படம். பொருத்தமான வேலைகள்: டாக்டர், ஐஏஎஸ், ஆசிரியர், ஃபேஷன் டிசைனர். எதைத்தான் விட்டார்கள்?

விரல் ரேகையை வைத்துக் குணம் சொல்ல அறிவியல் ஆதாரமே இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "அதான் ரிப்போர்ட் குடுத்துட்டோமே தம்பி" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

அப்புறம்தான் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கண்ணில் பட்டார். கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, பேசி ஆளை இழுப்பது, கணக்கு வழக்கை ஒழுங்காக வைப்பது என்று மனிதர்களின் வேலை நாட்டத்தை ஆறு வகையாகப் பிரித்தவர். அதை அடிப்படையாகக் கொண்ட கேள்வித்தாளை அமெரிக்கத் தொழிலாளர் துறை ஓ-நெட் (O*NET) என்ற வேலைத் தகவல் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 60 கேள்விகள். ஆங்கிலம்தான், ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் பதில் சொன்னாள்.

இதிலும் கோட்டை விட்டேன். பக்கத்தில் அப்பாவை உட்கார விட்டுவிட்டேன். காசிமேட்டில் போட் இன்ஜின் பார்ப்பவர். "கிரீஸ் கையெல்லாம் என்னோட போகட்டும்" என்பார். மெஷின் சம்பந்தமான எல்லாக் கேள்விக்கும் அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "பிடிக்காது" என்றாள். லீவு விட்டால் அவரோடு துறைமுகத்துக்கு ஓடுகிற பெண்!

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் திரும்பப் போட்டோம். கைவேலை முதலில், ஆராய்ச்சி அடுத்து. உங்கள் வீட்டில் செய்தால் பெரியவர்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். கடைசியில் வருகிற வேலைப் பட்டியலையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம்; அதில் பாதி வேலை நம் ஊரில் கிடையாது.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. சாதிச் சான்றிதழை முன்னாடியே ஸ்கேன் செய்து வையுங்கள், கடைசி நேரத்தில் அதற்கும் ஒரு நாள் அலைந்தேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.