கும்பகோணம் பெரிய கடைத்தெரு

எங்களுக்கெல்லாம் டவுனுக்குப் போவதென்றால் பெரிய கடைத்தெருதான். பாத்திரக் கடைகளில் குடம், குத்துவிளக்கு, டபரா செட் எல்லாம் வாசல்வரை அடுக்கியிருக்கும், சீர் பாத்திரத்தில் பெண்ணின் பெயரைச் சின்ன உளியால் டிக் டிக்கென்று பொறிக்கும் சத்தம் (இப்போது அதற்கும் மெஷின் வந்துவிட்டது) தெருமுனைவரை கேட்கும். பித்தளைக் குடம் வாங்குமுன் அம்மா ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். "நல்லா தட்டிப் பாருங்கம்மா, எடை போட்டுத்தானே தரேன்" என்பார் கடைக்காரர்.

அப்புறம் கொழுந்து வெற்றிலை, சீவல், டிகிரி காபி.

சினிமா என்றால் மேட்னி. ஒரு ஆள் மட்டுமே நுழையக்கூடிய கவுன்டர் சந்தில் வியர்வையோடு நிற்கும்போது, ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டு ஆரம்பித்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம், உடனே பின்னாலிருந்து ஒரு தள்ளு. நம்ம சீர்காழிக்காரர் குரல் இல்லாமல் எந்தப் படமும் ஆரம்பித்ததாக எனக்கு நினைவில்லை. தரை டிக்கெட், பெஞ்ச், சேர் என்று மூன்று உலகம். இடைவேளையில் முறுக்கும் சோடாவும்.

அந்தப் பழைய தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடியது எனக்கு இன்னும் ஆறவில்லை. எவர்சில்வர், பிளாஸ்டிக் எல்லாம் வந்தபிறகும் பாத்திரக் கடைகளாவது தாக்குப்பிடித்து நிற்பதில் அவ்வளவு சந்தோஷம். பழைய டிக்கெட், பாட்டுப் புத்தகம், கடை போர்டு படம் யாரிடமாவது இருந்தால் கமென்ட்டில் போடுங்கள்.