ஒரு குடல்வால், ஐந்து நாட்கள்

மார்ச் 3, திங்கள்

அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களைச் சோதிக்கும் எங்கள் நோயியல் ஆய்வகத்துக்கு இன்று வந்த டப்பாக்களில் ஒரு குடல்வால் (அப்பெண்டிக்ஸ்). 54 வயது அம்மா. அழற்சி என்று ராத்திரியே அவசரமாக எடுத்திருக்கிறார்கள். கட்டி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் நுனியை நறுக்கும்போது கத்திக்குக் கெட்டியாக இருந்தது, சுவரும் வெளுத்துத் தடித்திருந்தது. மனசு கேட்கவில்லை. முழுக் குடல்வாலையும் நறுக்கி மெழுகு பிளாக் போடச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அழற்சி உண்மைதான். ஆனால் தசை அடுக்குக்குள் சின்னச் சின்னக் கொத்துகள். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு செல்கள், வயிறு நிறையச் சளி, உட்கரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. தசைநார்களைக் கலைக்காமல் இடுக்கில் நுழைந்தே வெளிச்சவ்வான சீரோசாவுக்குக் கீழ்வரை போயிருக்கிறது. வெளியிலிருந்து கட்டியாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

மார்ச் 7, வெள்ளி

ஹார்மோன் சுரக்கும் (நியூரோஎண்டோகிரைன்) செல்களைப் பழுப்பாகக் காட்டும் சாயங்களான சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் இரண்டிலும் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். "மைனென் என்று போடலாமா மேடம்?" என்றாள் பிஜி மாணவி. நல்ல கேள்வி. மைனென் என்பது இருவகை செல்களும் கலந்த புற்றுநோய்; அதில் சுரப்பிப் பகுதியும் நியூரோஎண்டோகிரைன் பகுதியும் தனித்தனியாக அடையாளம் தெரிய வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். இங்கே ஒரே கொத்துக்குள் சளி செல்லும் ஹார்மோன் செல்லும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பழுப்பைப் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது, அமைப்பைப் பார்க்க வேண்டும். இது கோப்லெட் செல் அடினோகார்சினோமா, சளி நிறைந்த கோப்பை வடிவ செல்கள் கொண்ட புற்றுநோய். முக்கால் பங்குக்கு மேல் ஒழுங்கான கொத்துகள்தான், அதனால் கிரேடு 1, அதாவது தீவிரம் குறைந்த படி. இதற்குக் கிரேடு போட, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 சாயம் தேவையில்லை.

மார்ச் 8, சனி

சர்ஜன் போன் செய்தார். "கார்சினாய்டுதானே மேடம்? குடல்வாலைத்தான் எடுத்தாச்சே?"

கார்சினாய்டு என்பது ஹார்மோன் செல்களிலிருந்து பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1974-இல் வைத்த கோப்லெட் செல் கார்சினாய்டு என்ற பெயர் பல வருடம் புத்தகங்களில் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில்தான் அடினோகார்சினோமா என்று மாறியது. நுனியில் ஒரு சென்டிமீட்டருக்கும் சின்னதாக இருக்கும் கார்சினாய்டுக்குக் குடல்வாலை எடுத்தாலே போதும். இது அப்படி அல்ல. நிணநீர்க் கணுக்களுக்குப் போகும், வயிற்று உறையில் பரவும், பெண்களுக்குச் சினைப்பையிலும் போய் உட்காரும். இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, சிடி எடுக்கும்போது சினைப்பைகளையும் கவனமாகப் பார்க்கச் சொன்னேன். "சரி, திங்கட்கிழமையே எடுத்துடறேன்" என்றார். அப்புறம்தான் மூச்சு வந்தது.

மார்ச் 12, புதன்

சிடியில் வேறெங்கும் பரவல் இல்லை, சினைப்பைகள் இரண்டும் சுத்தம். வலப்பக்கப் பெருங்குடலைக் கணுக்களோடு எடுக்க முடிவாகியிருக்கிறது. அந்தக் கணுக்களை நானே தேடி எடுக்கிறேன் என்று திசுக்களை நறுக்கிப் பார்க்கும் கிராசிங் அறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.