ஆழாக்கும் கப்பும்

"செஞ்சு பாத்தீங்களா தம்பி?" என்று அந்த அம்மா ஃபோனில் கேட்டார். அவர் தன் பக்கத்தில் எழுதியிருந்த அதிரசக் குறிப்பை மாற்றி எழுதி, நான் வேலை பார்த்த இணையதளத்தில் போட்டிருந்தேன். "ரெசிபிக்கெல்லாம் காப்புரிமை கிடையாதுங்க மேடம்" என்றேன் நான்.

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. திருட்டு, காப்பி என்ற சொற்களை அவர் வாயிலேயே எடுக்கவில்லை. நானாகத்தான் போய் அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொன்னேன். வேலையில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் அது: ஐடியாவுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு, விதத்தை மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. சட்டப்படி பெரும்பாலும் சரிதான். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விதத்தை மாற்றுவதுதான் அங்கே என் வேலை. தேடலில் மேலே வரும் ஐந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்வேன். ஒன்றில் பொருட்கள், இன்னொன்றில் செய்முறை, மூன்றாவதில் டிப்ஸ் என்று எடுத்து, வாக்கியங்களைத் திருப்பிப் போட்டு, மக்கள் தேடும் சொல்லான கீவேர்டை இரண்டு துணைத்தலைப்புகளில் வைத்து, கடைசியாகக் காப்பி பிடிக்கும் கருவியில் ஓட்டிப் பார்ப்பேன். சிவப்பு விழுந்த வரிகளை மட்டும் மறுபடி மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு கட்டுரை. இணையப் பக்கங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018-ல் தமிழுக்கு வந்த பிறகு முளைத்த தளங்களில் எங்களுடையதும் ஒன்று. அதற்கு முன் இந்த வேலையே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுதத் தெரிந்ததற்காக எனக்கு மாதச் சம்பளம் கிடைத்த முதல் இடம் அதுதான்.

அந்த அம்மாவின் அதிரசக் குறிப்பில் "நாலு ஆழாக்கு பச்சரிசி, நானூறு கிராம் வெல்லம்" என்று இருந்தது. ஆழாக்கு என்று யார் தேடப்போகிறார்கள்? கப் என்று மாற்றினேன். அந்த வரியில் சிவப்பும் போனது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆழாக்கு 168 மில்லி. கடையில் விற்கும் அளவு கப் 240. அரிசி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிட்டது, வெல்லம் அதே நானூறு கிராமில் நின்றுவிட்டது. இரண்டையும் கப்பில் சொல்லியிருந்தால் விகிதம் கெட்டிருக்காது. ஒன்றைப் படியளவிலும் மற்றதை எடையிலும் சொல்வது அவர் வீட்டுப் பழக்கம். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவை அடுப்படியில் நின்றிருந்தாலும் தோன்றியிருக்கும்.

இன்னொன்றும் செய்திருந்தேன். "பாகைத் தண்ணீரில் விட்டால் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுக்கணும்" என்று அவர் எழுதியிருந்தார். அதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. இரண்டு சொல்லைத் தள்ளிப்போட்டதும் கருவி விட்டுவிட்டது. நான் மாட்டியது அந்தப் பூனைக்குட்டியால்தான். வெளிநாட்டில் இருந்த அவருடைய தங்கை மகள் அதிரசம் என்று தேடியிருக்கிறாள். முதலில் வந்தது எங்கள் பக்கம். பூனைக்குட்டியைப் பார்த்ததும் பெரியம்மா எழுதியதுதான் என்று நம்பிச் செய்திருக்கிறாள். "உங்க முறைலதான் செஞ்சேன் பெரியம்மா, கல்லு மாதிரி வந்துச்சு" என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எம் பேரு போட வேண்டாம் தம்பி, அளவ மட்டும் மாத்திடுங்க. தீபாவளிக்கு நாலு பேரு செய்வாங்க" என்றார். 2022 தீபாவளி அக்டோபர் 24. அவர் அழைத்தது அதற்குப் பதினோரு நாள் முன்பு.

மேலாளரிடம் போனேன். "ரேங்க்ல இருக்கற பக்கத்த சீசன்ல தொடாதே. முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அதே பக்கத்தின் தலைப்பில் இருந்த வருடத்தை 2022 என்று மாற்றி, தேதியைப் புதுப்பித்தது அன்று காலையில்தான். செய்ததும் நான்தான். உள்ளடக்கத்தை மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்காதே என்பது கூகுளே சொல்லும் அறிவுரை. அதைத் தொடலாமாம், அளவைத் தொடக்கூடாதாம். அந்த நிமிடம் இது எனக்கு வினோதமாகவே படவில்லை என்பதுதான் இப்போது வினோதமாக இருக்கிறது.

கடவுச்சொல் என்னிடம் இருந்தது. இரவில் உள்ளே போய் "கப்" என்பதை அடித்துவிட்டு "ஆழாக்கு" என்று போட ஒரு நிமிடம் ஆகாது, ரேங்கும் விழுந்திருக்காது. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பாதிதான் உண்மை. அப்போது எனக்கு நிஜமாகவே அது சின்ன விஷயம். ஒரு பலகாரம். மருந்தளவா, கெட்டுப்போனால் உயிர் போக? அந்தப் பதினோரு நாளில் அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று, கூகுள் தேடலில் வருகிறவர்களின் கணக்கைக் காட்டும் சர்ச் கன்சோலில் தினமும் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன். அளவை மாற்றியது தீபாவளிக்கு மறுநாள்.

பயனுள்ள உள்ளடக்கத்துக்கு முன்னுரிமை என்று அந்த ஆகஸ்டில் கூகுள் கொண்டுவந்த மாற்றம் முதலில் ஆங்கிலத்துக்கு மட்டும் என்றார்கள். தமிழ் நம்மைக் காப்பாற்றியது என்று அலுவலகத்தில் சிரித்தோம். டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் வந்தது. எங்கள் டிராஃபிக் மெல்ல மெல்ல இறங்கியது, அடுத்த வருடம் நானும் வெளியே வந்துவிட்டேன். நியாயம் நடந்தது என்று முடிக்கலாம் என்றால், அந்த அம்மாவின் பக்கம் மேலே ஏறவில்லை. எங்களைப் பார்த்து எழுதிய பக்கங்கள்தான் ஏறின. போன வருடம் தேடியபோது இரண்டு இடங்களில் "4 கப், 400 கிராம்" இருந்தது. பூனைக்குட்டி இல்லை, அளவு மட்டும் இருந்தது. என் பக்கத்தை நான் திருத்திவிட்டேன். அவற்றை யார் திருத்துவது?

இந்தத் தீபாவளிக்கு என் அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு அதிரசம் செய்து பார்த்தேன். அந்த அம்மாவின் ஆழாக்குக் கணக்கிலேயே, ஒரு கிராம் பிசகாமல். எண்ணெயில் போட்டதும் பிரிந்து தூள் தூளாகப் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அளவு சரியாக இருந்தும் கெட்டுப்போகிறதே, அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கும் பாகுதான் காலை வாரியிருக்கும், கப் இல்லை. இதை அம்மாவிடமும் சொன்னேன். அவருக்கு முழுக் கதையும் தெரியும்.

அம்மா ஜல்லிக்கரண்டியால் தூளை அரித்து எடுத்துக்கொண்டே, "ஒனக்குப் பாகு எளசு, அதான் பிரிஞ்சுது. கல்லானது வேற கேசு" என்றார்.