ரப்பர் தேனும் அம்மாவின் வாய்ப்புண்ணும்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ தொடங்கிய செய்தி பரவியதும், அருமனையில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் மாமா ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்பினார். தினமும் இரண்டு கரண்டி குடித்தால் மருந்தின் கடுமை உடம்பை அண்டாது என்றும் சொல்லியனுப்பியிருந்தார். மார்த்தாண்டம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களால் தேனைப் பற்றிய இத்தகைய பேச்சை எளிதில் தள்ளிவிட முடியாது. இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் துளிர்க்கும் மாசி, பங்குனி மாதங்களில், பூவிலிருந்து அல்லாமல் இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் அந்தத் தேன்தான் எங்கள் ஊரில் பல குடும்பங்களின் வருமானம்.

ஆறாம் நாள் அம்மாவின் வாய் புண்ணாகியது. ஆறவைத்த கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதே இம்மருந்துகளின் இயல்பு என்பதால், ஓயாமல் புதுப்பிக்கப்படும் வாயின் உட்தோலும் புற்றோடு சேர்ந்து அடிபடுகிறது. மாமாவின் பாட்டிலைத் திறக்கலாமா என்று அன்றிரவு தேடிப் படித்தேன்.

தேனுக்குச் சான்று இல்லாமல் இல்லை. 2003இல் வெளியான மலேசிய ஆய்வொன்றில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 40 பேரில் பாதிப்பேர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 20 மில்லி தேனை வாயில் வைத்து மெல்ல விழுங்கியபோது, அவர்களிடம் கடுமையான வாய்ப்புண் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் நியூசிலாந்தின் மனுக்கா செடிப் பூக்களிலிருந்து வரும் விலையுயர்ந்த மனுக்கா தேன், சாதாரண சர்க்கரைப் பாகைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. இரண்டுமே கதிர்வீச்சால் வரும் புண்ணைப் பற்றியவை. கீமோ மட்டும் பெறும் அம்மாவுக்கு அவற்றை அப்படியே பொருத்த இயலாது. குடித்த தேன் உடம்பு முழுவதற்கும் கவசமாகும் என்பதோ இவற்றில் எங்கும் இல்லை.

மறுநாள் மருத்துவரிடம் கேட்டபோது அவர் முதலில் பார்த்தது இரத்தப் பரிசோதனைத் தாளைத்தான். கீமோவுக்குப் பின் வாய் புண்ணாகும் அதே நாள்களில்தான் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. காய்ச்சாத தேனில் கிருமிகளின் வித்துகள் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், நாக்கு தேனைக் கேட்கும் நேரமே அதைத் தவிர்க்க வேண்டிய நேரமாகிவிடுகிறது. புண்ணான வாய்க்கு அந்த வித்துகள் திறந்த வாசல் என்றார் அவர். சர்க்கரை நோய் உண்டா என்றும் கேட்டார், அம்மாவுக்கு இல்லை. உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் சொல்லி, வலிக்குத் தடவும் மருந்தும் எழுதிக் கொடுத்தார். புண் ஆற ஒரு வாரத்துக்கு மேலானது.

பாட்டில் இப்போது அலமாரியில் பாதிக்குமேல் உறைந்து நிற்கிறது. ரப்பர் தேன் விரைவில் உறையும். அது கலப்படத்தின் அடையாளமல்ல என்பதை வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். போன வாரம் மாமா தொலைபேசியில் தேன் எப்படி என்று விசாரித்தபோது, "நல்ல தேன் அண்ணா" என்று அம்மா சொன்னார். மூடி இன்னும் திறக்கப்படவில்லை.