யூதாஃபுக்கு மூடிய கதவுகள்

2012 ஏப்ரலில் வந்த வானொலிப் பேட்டி ஒன்று இன்று மறுபடி காதில் விழுந்தது. பேசுபவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு அன்று கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த போ ரயன். விஷயம், அணியை விட்டு வேறு கல்லூரிக்குக் கிளம்பும் மாணவ வீரர் ஜாரட் யூதாஃப்.

யூதாஃப் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட இறங்கவில்லை. முதல் வருடம் ‘ரெட்ஷர்ட்’, அதாவது ஆட்டத்தில் இறங்காமல் வெறும் பயிற்சிதான்.

ஆனால் அவர் போகக்கூடாது என்று தடை போட்ட பட்டியலைப் பாருங்கள்: விஸ்கான்சின் ஆடும் பிக் டென் லீகின் அணிகள், ஏசிசி என்ற இன்னொரு கல்லூரி லீகின் அணிகள் மொத்தமும், மார்கெட், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள்.

ஏசிசி எதற்கு? இரண்டு லீகுகளும் அன்று வருடாவருடம் மோதிய தொடரில் எதிரே வந்துவிடலாமாம்!

அன்றைய விதிப்படி பழைய கல்லூரி அனுமதிக்காவிட்டால் புதிய பயிற்சியாளர் வீரரிடம் பேசக்கூடாது. முதல் வருடம் உதவித்தொகையும் கிடையாது. அனுமதித்தாலும் ஒரு சீசன் வெளியே உட்காரணும். பயிற்சியாளர் வேலை மாறினால் மட்டும் காத்திருப்பே இல்லை. பச்சை அநியாயம்.

எதிர்ப்பு வலுத்ததும் பிக் டென் தவிர மற்ற தடைகள் விலகின. யூதாஃப் தடை நீங்காத பிக் டெனுக்குள்ளேயே, சொந்த மாநிலத்து அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார், அதனால் முதல் வருடம் உதவித்தொகை இல்லாமல். 2016இல் லீகின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பிக் டென் முதல் அணியில் இடம்பிடித்தார்.

2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல், வந்தது. வீரர் எழுதிக் கொடுத்தால் இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி பெயரைப் பதிவேற்ற வேண்டும் என்று விதி. அனுமதி கேட்கும் பேச்சே இல்லாமல் போனது.