கிறிஸ்மஸ் தாத்தா நம்ம வீட்டுக்கு வரலாமா?

தாராளமா வரலாம். ஆனா பொய் சொல்லிக் கூட்டிட்டு வர வேண்டாம்.

அந்தச் சிவப்பு அங்கிக்குப் பின்னால் நிஜமான ஒரு ஆயர் (பிஷப்) இருக்கார்: மீரா நகரத்துப் புனித நிக்கோலாஸ், 4-ஆம் நூற்றாண்டு. அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கு. வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவோடு இரவாகப் பொன்முடிப்பு போட்டார் என்பது மரபுக் கதை. அவர் திருநாள் டிசம்பர் 6. அன்றைக்கே கதையைச் சொல்லி, அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் பிள்ளைகள் கையாலேயே கட்டவச்சு, சத்தமில்லாமல் ஒரு வீட்டு வாசலில் வைக்கச் சொல்லுங்க. 25-ஆம் தேதி முழுசா பாலன் இயேசுவுக்கும் குடிலுக்கும்.

வீடு வீடாப் பாடிக்கிட்டுப் போற கேரல் ரவுண்ட்ஸில்தான் சிக்கலே. ராத்திரி 11 மணிக்கு டிரம் சத்தத்தோடு பிளாஸ்டிக் முகமூடி வாசலில் நின்றால் ரெண்டு வயசுப் பிள்ளை அலறத்தான் செய்யும். வாய் அசையாத முகம் அதுக்குப் பயம். முகமூடி வேண்டாம், பஞ்சுத் தாடி போதும். வேஷத்தைப் பிள்ளைகள் முன்னாடியே போடுங்க. உள்ளே சர்ச் யூத் குரூப் அண்ணன்தான்னு தெரிஞ்சாலும் ஆட்டத்துக்குக் குறைவு வராது. தூக்கி மடியில் வைக்காதீங்க. குனிஞ்சு மிட்டாயை நீட்டுங்க, பிள்ளை தானா வரட்டும்.

"குறும்பு பண்ணினா தாத்தா கிஃப்ட் தரமாட்டார்" என்ற மிரட்டல் வேண்டவே வேண்டாம். தகுதி பார்த்துக் கொடுத்தால் அது கிருபையே இல்லை. பார்சலில் கொடுத்தவர் யார்னு எழுதுங்க: அப்பா, அத்தை, பாட்டி. "தாத்தா பொய்னா இயேசப்பாவும் பொய்யா?"ன்னு ஏழெட்டு வயசுப் பிள்ளை கேட்கிறது, கொடுத்தவர் யார்னு மறைக்கிற வீட்டில்தான்.